நடுச்சுவர் வெடிப்பு

நாலு காலும் நன்றாக இருக்கிற சேர்தான், நான் ஏறினால் மட்டும் ஏன் இப்படி முனங்குகிறது என்று தெரியவில்லை. முனங்கட்டும், நானும்தான் முனங்கிக்கொண்டே ஏறினேன், அதுக்கும் எனக்கும் சரியாகப் போச்சு. தலைக்கு மேலே தளம், தளத்தில் கோணல்மாணலாக ஒரு வெடிப்பு, கையில் காம்பு ஆடுகிற பழைய தோசைக்கரண்டி, கரண்டி நுனியில் வெடிப்பை அடைக்கிற பட்டி. கடைக்காரன் பொடியாகத்தான் கொடுத்தான், தண்ணீர் விட்டுப் பிசைந்தால் தோசைமாவுக்குத் தங்கச்சி மாதிரி வருகிறது, என்ன, புளிக்காது, அவ்வளவுதான். வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தது என் தப்பு. வெடிப்பைத் திருப்புளியால் கீறி அகலப்படுத்தினபோது உதிர்ந்த தூசி நேராக நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. துப்ப வேண்டும், ஆனால் இந்த ருசி, இது எனக்குத் தெரிந்த ருசி, எங்கே, எங்கே, ஆ, சிலேட்டுக் குச்சி. மூணாம் வகுப்புவரை போனேன், எழுதினதைவிடத் தின்றதுதான் அதிகம். "ஏட்டி வெள்ளத்தாயி, எழுதுன்னு குடுத்தா திங்கியே, அ ஆ எல்லாம் உன் வயித்துக்குள்ளதாம்ட்டி கெடக்கு" என்பாள் டீச்சர். இன்னும் உள்ளேதான் கிடக்கிறது போல, இதுவரை வெளியே வரக் காணோம். காலையில் எங்க வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார், "சேர்ல ஏறாத, விழுந்து இடுப்ப ஒடிச்சேன்னா நான்தாம் சோறு பொங்கணும்." "உங்களுக்குப் பொங்கத் தெரியாதே." "அதாம் சொல்லுதேன், ரெண்டு பேரும் பட்டினி." கொத்தனாரைக் கூப்பிடுவோம் என்றார். தீபாவளிக்கு முந்தியே கூப்பிட்ட கொத்தனார் இந்தா வருகிறார் அந்தா வருகிறார். நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறது, பொங்கல் நெருங்கிவிட்டது, வெடிப்பு மேலேயே சுண்ணாம்பை இழுத்துவிட்டுப் போனால் கிழவி மூஞ்சிக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கும். எனக்கே அப்படித்தான் இருக்கிறது, வீட்டுக்கும் வேண்டாம்.

இந்த வெடிப்பு எனக்கு மனப்பாடம். மத்தியானம் படுத்துக்கொண்டு இதைத்தான் பார்த்துக்கிட்டே கிடப்பேன். மின்விசிறிக் கொக்கியில் கிளம்பும், அது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு. கொஞ்ச தூரம் நேராகப் போகும், அப்புறம் இடது பக்கம் ஒரு சாய்வு, அங்கே ஒரு காரை பெயர்ந்த இடம், அது ஊருணி, அப்புறம் வளைந்து வளைந்து மூலைக்குப் போய்ச் சேரும், அது கழுகுமலை. பட்டியை வைத்து இழுக்க இழுக்க ரோடு மறைந்துகொண்டே வருகிறது, இனிமேல் எந்த பஸ்ஸும் போகாது, ஊருணியும் தூர்ந்தாச்சு. இந்த வளைவில்தான் அன்றைக்கு பஸ் நின்றுபோனது. பங்குனி உத்திரத் தேர் பார்க்கப் போனோம், நாங்கள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் லீவு விட்ட நாள், டிரைவர் இறங்கி முன்பக்கம் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை. எல்லாரும் நிழலைத் தேடி உட்கார, வடிவு மட்டும் "நட, தேரு நமக்காக நிக்காது" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். கரிசக்காட்டு வெயில், செருப்பில்லாத கால், நடுவழியில் ஒரு தோட்டத்தில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கடித்துக்கொண்டு நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது தேர் நிலைக்கு வந்து நின்றுவிட்டது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தேரை ஏற இறங்கப் பார்த்தாள், "சரி, நின்ன தேரையாச்சும் நல்லாப் பாப்போம், ஓடுற தேர எவ முழுசாப் பாத்தா" என்றாள். பட்டி கன்னத்தில் சொட்டிவிட்டது. சிரித்தால் சேர் ஆடும். சிரிக்கக் கூடாது. இங்கே பார், அவளை நினைக்கக் கூடாது என்றுதானே மற்ற வெடிப்புகளிலிருந்து ஆரம்பித்தேன், கீழே இருக்கிற வெடிப்பைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னல் மேலே ஒன்று, நிலைப்படி ஓரத்தில் ஒன்று, தளத்தில் ஒன்று என்று சுற்றிச் சுற்றி வந்தேனே, கடைசியில் தளத்தில் இருக்கிற ரோடும் அவள் வீட்டுக்குத்தான் போய் நிற்கிறது.

வடிவு என்றால் சங்கரவடிவு. அடுத்த வீடு. அடுத்த வீடு என்றால் எங்கள் காலனியில் அடுத்த அடுப்பு என்று அர்த்தம், வீடுகளெல்லாம் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும், ரெண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், அதுவும் ஒற்றைக்கல் சுவர், கனமே ஒரு விரல் நீளம்தான். என் அடுப்படியும் அவள் அடுப்படியும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கும். நாங்களும் ஆபீஸில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், நான் கட்டையில் குச்சி அடுக்குவேன், அவள் லேபிள் ஒட்டுவாள், அவளுக்குப் பசைக்கை ஓய்ந்தால் நான் ஒட்டுவேன், எனக்குக் கண் எரிந்தால் அவள் அடுக்குவாள். அப்படி இருந்தவளோடு நான் பேசி ரெண்டு பொங்கல் போயாச்சு, இது மூணாவது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். இந்தச் சுவர்தான். ஒரு சித்திரையில் வெடித்தது, கரிசல் மண் மேலே கட்டின வீடு, வெயிலுக்கு மண் காய்ந்து சுருங்கினால் சுவர் வாயைப் பிளக்கும், மழைக்கு மண் தண்ணீர் குடித்து உப்பினால் கொஞ்சம் மூடும், இந்த ஊரில் வெடிக்காத சுவர் எது. ஆனால் இந்த வெடிப்பு கிளம்பின இடம் பாருங்கள், அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் மூக்காண்டி அண்ணாச்சி மசால் சாமான் தட்டு மாட்ட ஒரு கடப்பாரை நீளத்துக்கு ஆணி அடித்தார், அதிலிருந்து கிளம்பி, சரியாக என் கிரைண்டர் மேடைக்கு வந்து முடிகிறது. "உன் கிரைண்டர் ஆட்டுற ஆட்டுல எங்க வீட்டுப் பல்லியே தூங்க மாட்டேங்கி, சுவரு எப்பிடிட்டி தாங்கும்?" "உங்க வீட்டு அண்ணாச்சி ஆணி அடிச்ச அன்னைக்கு என் வீட்டுல சாமி படமே குப்புற விழுந்துச்சு, அதச் சொல்லு மொதல்ல." தெருவே கூடி நின்றது. அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள், "சரி, பாப்போம். எவ இத அடைக்காளோ அவதாம் ஒடைச்சவ." நானும் வாய் சும்மா இருக்காமல், "பாப்போம்ட்டி" என்றேன். முடிந்தது. அன்றிலிருந்து அந்த வெடிப்பை யார் தொட்டாலும் தோற்றவள். காலனியில் சின்னப் பிள்ளைக்கும் இந்தச் சட்டம் தெரியும். போன வருசம் வெள்ளையடித்தவன் தெரியாத்தனமாக அதில் பிரஷ்ஷை அழுத்தப் போக, நான் இங்கேயிருந்து கத்தினேன், அதே நேரம் அங்கே அவள் வீட்டு ஆளைப் பார்த்து அவள் கத்தினாள். ஒரே குரலாகத்தான் கேட்டது.

இறங்கு, மெல்ல, இடுப்பு, இடுப்பு, ஆ. தரை. தளம் முடிந்தது, அண்ணாந்து பார்த்தால் வெள்ளையாக ஒரு நாமம் போட்ட மாதிரி இருக்கிறது, காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும். டப்பாவில் இன்னும் பட்டி மிச்சம் இருக்கிறது. இறுகிப் போவதற்குள் வைத்தாக வேண்டும், தண்ணீர் கொஞ்சம் தெளித்தால் தளரும். எங்க வீட்டுக்காரரும் மூக்காண்டி அண்ணாச்சியும் இந்நேரம் டீக்கடை பெஞ்சில் ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது, சண்டை எங்களுக்குத்தான், அவர்கள் பொழைக்கத் தெரிந்தவர்கள். ஒரு நாள் கேட்டேன், "அங்க என்னப் பத்தி ஏதும் பேச்சு வருதா?" "வராது." "அவளப் பத்தி?" "அதுவும் வராது." "அப்ப என்னதாம் பேசுதிய ரெண்டு பேரும் ஒரு மணி நேரம்?" "ஒண்ணும் பேச மாட்டோம். அதுக்குத்தான் போறது." கொத்தனார் சீனிச்சாமி இருக்கிறாரே, அவர் இன்னும் பெரிய ஆள். போன ஆடியில் கூப்பிட்டுக் காட்டினேன், காபியை வாங்கிக் குடித்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, "ஆணிதாம்மா. சந்தேகமே இல்ல" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அங்கே போனார். நான் இந்தப் பக்கம் அரிசி டிரம்மை நகர்த்திவிட்டு வெடிப்பில் காதை வைத்தேன். அங்கே மோர் குடிக்கிற சத்தம், அப்புறம் தட்டுகிற சத்தம், அப்புறம், "கிரைண்டருதாம்மா. சந்தேகமே இல்ல." அடப்பாவி. ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளை ஒரு வழி பண்ணியிருக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் பேச வேண்டுமே.

ஆனால் போகிறபோக்கில் அவர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் ரெண்டு வீட்டிலும் ஒன்றுதான், இது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போன வெடிப்பு என்றார். அது எனக்கு முன்னாலேயே தெரியும். என் காதுக்குத் தெரியும். அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அவள் வாய்விட்டு எண்ணுவாள், ஒண்ணு, ரெண்டு, மூணாவதில் அடுப்பைத் திட்டுவாள். உட்காரும்போது ஒரு சிவனே, எழுந்திருக்கும்போது ஒரு சிவனே, ரெண்டுக்கும் ராகம் வேறே. பல்லியோடு பேசுவாள். வரமிளகாய் இங்கே வறுத்தால் நெடி அந்த ஓட்டை வழியாக அங்கே போய் அவள் தும்முவாள், வெள்ளிக்கிழமை அவள் சாம்பிராணியை வெடிப்புக்கு நேராக வைத்து ஊதினால் இங்கே நான் தும்முவேன். சில நாள் வறுக்க வேண்டியதற்கு மேலேயே நாலு மிளகாய் கூடப் போட்டு வறுத்தேன். அவளும் சில வெள்ளிக்கிழமை கோயில் மாதிரி புகை போட்டாள். அதுவும் ஒரு பேச்சுவார்த்தைதானே. ஐப்பசி வரைக்கும் அப்படித்தான் ஓடியது. ஐப்பசி மழையில் அவளுக்கு இருமல் பிடித்தது. மிளகாய் இருமல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது மேலே மேலே வரும், திட்டும் கலந்து வரும். இது அப்படி இல்லை, அடியிலிருந்து வந்தது, வெற்றுக் குடத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி. ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திப்பிலியும் சுக்கும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து பிளாஸ்க்கில் ஊற்றி இவர் கையில் கொடுத்தேன், "டீக்கடையில வச்சு மூக்காண்டி அண்ணாச்சிகிட்டக் குடுங்க, நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதிய." திரும்பி வந்து, "டீக்கடையில போட்டதுன்னு சொன்னேன்" என்றார். "டீக்கடையில எவன் திப்பிலி போடுதான்?" "அவரும் அதத்தாம் கேட்டாரு." பிளாஸ்க் மறுநாள் வந்தது. எவர்சில்வர் மூடியைப் புளி போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி. அப்படித் தேய்க்கிற கை இந்தக் காலனியில் ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் மிளகாயைக் கொல்லையில் வைத்துத்தான் வறுக்கிறேன், ஆனாலும் தாளிப்புப் புகை போகத்தான் செய்கிறது, ஈரக்காற்று போகத்தான் செய்கிறது, அந்த வெடிப்புக்கு நேர் கீழேதான் அவள் உட்கார்ந்து காய் நறுக்குகிற இடம். இன்னும் இருமல் முழுசாக விடவில்லை. அடைக்க வேண்டும். அடைத்தால் நான் உடைத்தவள். என் கிரைண்டர்தான் உடைத்தது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டின மாதிரி. அடைக்காவிட்டால் அவள் இருமுவாள். மார்கழி பூராவும் இதையேதான் பிசைந்துகொண்டிருக்கிறேன், பட்டியை இன்றைக்குத்தான்.

கேட்டது. பூட்டு. அவள் வீட்டு வாசல் பூட்டு, சாவி ரெண்டு சுற்று, அப்புறம் தூக்குவாளி கம்பி கிணுங்குகிற சத்தம், கோயிலில் பொங்கல் வாங்கப் போகிறாள். வலது கால் செருப்பு இழுபட்டு இழுபட்டுத் தேய்ந்து தேய்ந்து தெருவில் போயே போச்சு. இதுதான் சமயம், வருவதற்குள் முடித்துவிடலாம், அவள் பார்க்கும்போது சுவர் தானாக மூடிக்கொண்ட மாதிரி இருக்கட்டும், மழைக்கு மூடாதா என்ன. யார் அடைத்தார்கள் என்று சுவரா சொல்லப்போகிறது. அரிசி டிரம்மை நகர்த்து, அம்மா, இதென்ன இத்தனை கனம். இந்தா இருக்கிறது என் லேபிள். குடைப் படம் போட்ட லேபிள், ஆபீஸிலிருந்து எப்போதோ வந்த கட்டு, சித்திரை வெயில் தொடங்குமுன்னே வெடிப்புக்குக் குறுக்காக ஒன்றை ஒட்டி வைத்தேன், மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் போட்டு ஆபீஸில் காய்ச்சுகிற மாதிரியே காய்ச்சி. சுவர் இன்னும் நகர்கிறது என்றால் லேபிள் கிழியும், கிழிகிற சுவரை அடைத்துப் பிரயோசனம் இல்லை, திரும்ப வெடிக்கும். சித்திரை போச்சு, கத்திரி வெயில் போச்சு, மழையும் வந்து போச்சு. குடையில் ஒரு கீறல் இல்லை. சுவர் ஆடி முடித்து உட்கார்ந்துவிட்டது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். தண்ணீர் தொட்டு ஊறவைத்து உரிக்கிறேன், குடை பாதி வருகிறது, பாதி வர மாட்டேன் என்கிறது. இருக்கட்டும். திருப்புளியால் ஓரம் கீறி, பழந்துணியை நனைத்து உள்ளே தூசி துடைத்து, மேலே ஆரம்பித்துக் கீழே வரவேண்டும், ஒரு கரண்டி, அழுத்து, இன்னொரு கரண்டி. என்ன இது, வைக்க வைக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இந்தச் சுவருக்கு என்ன பசி. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி அள்ளி அள்ளித் தின்கிறது. பட்டி இறுகப் பார்த்தது, கொஞ்சம் தண்ணீர் விட்டேன். இன்னும் கொஞ்சம். மேல் பாதி மூடிவிட்டது, நல்ல வேலை, கரண்டியால் இழுத்தால் தோசை ஓரம் மாதிரி வழுவழுவென்று, நானே என் முதுகில் தட்டிக்கொள்ள வேண்டியதுதான், கை எட்டவில்லை.

ஆனால் ஏதோ ஒன்று இல்லை. என்ன இல்லை? அடுப்பில் சோறு கொதிக்கிறது, அது கேட்கிறது. தெருவில் உப்புக்காரன் சைக்கிள், அது கேட்கிறது. குளத்தில் முங்கி எழுந்த காது மாதிரி ஒரு பக்கம் மட்டும் அடைத்துப்போய் இருக்கிறது. அந்தப் பக்கம். அவள் வீட்டுக் கடிகாரம் டிக்டிக் என்று எப்போதும் இந்த வழியாக வரும், அது என் வீட்டுக் கடிகாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், என் வீட்டுக் கடிகாரம் நின்று எத்தனையோ காலம் ஆச்சு. இப்போது நேரமே நின்றுபோன மாதிரி. ஒரு கரண்டிப் பட்டிக்கு இவ்வளவு சத்தத்தைத் தின்ன முடியுமா. முழுசாக அடைத்துவிட்டால் குக்கர் விசில் எண்ணுகிற சத்தம் கேட்காது, சிவனே கேட்காது, அவள் இருமுகிறாளா இருமவில்லையா என்று தெரியாது, இருமாமல் இருந்தால் நல்லதுதான், ஆனால் இருமாமல் இருக்கிறாள் என்று எனக்கு யார் சொல்வார்கள். ஈரத்தரை, அவளுக்கு வலது கால் சரியில்லை, மூக்காண்டி அண்ணாச்சி டீக்கடையில், அவள் வழுக்கி விழுந்து ஏட்டி என்று கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுவாள், என்னைத்தான் கூப்பிடுவாள், சண்டையாவது கிண்டையாவது, விழுகிற நேரத்தில் அதெல்லாம் ஞாபகம் இருக்குமா. அது இந்தப் பக்கம் வந்து சேராது. நான் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பேன். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. கீழே இன்னும் ஒரு சாண் திறந்து கிடக்கிறது. இதை இப்படியே விட்டுவிட்டால்? இப்படி விட்டால் இருமல். அடைத்தால் இந்த அமைதி. சின்னப் பிள்ளையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்போமே, திரும்பி வருமா வராதா என்று, அது மாதிரி நிற்கிறேன். சரி, முதலில் அவள் உடம்பு, அப்புறம் என் காது. வை, வெள்ளத்தாயி, வை. ஒரு கரண்டி அள்ளி அழுத்தினேன், உள்ளே போனது. கரண்டியை எடுத்தேன்.

உள்ளே போன பட்டி மெல்ல வெளியே வந்தது. நத்தை கூட்டிலிருந்து தலை நீட்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, வந்து, என் பக்கம் உப்பி நின்றது. எனக்கு முடி நட்டுக்கொண்டது. கரிசல் மண் இப்படியா உப்பும், இத்தனை சீக்கிரமாக, நான் பார்க்கப் பார்க்க? பாம்பு? போன வருசம் இந்த வெடிப்பில்தான் ஒரு சட்டை கிடந்தது, பாம்புச் சட்டையா பூரான் சட்டையா என்று எங்க வீட்டுக்காரரும் நானும் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பயத்தில் தொடாமலே தள்ளிவிட்டோம். கரண்டியை முன்னால் நீட்டிக்கொண்டு, டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எட்டி, திரும்ப அழுத்தினேன். உள்ளே போனது. எண்ணி ரெண்டு மூச்சு விட்டேன், திரும்ப வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. பாம்புக்கு இந்தக் குறும்பு வராது. குனிந்து, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்க்கிறேன், வெளியே வந்த பட்டியில் கிழிந்த காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது, குடைக்காம்பு, என் லேபிளில் மிச்சம் நின்ற பாதிதானே என்று அதை விரலால் எடுத்தேன். எடுத்த இடத்தில் பின்னாலிருந்து ஏதோ முட்டியது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியைத் துளைத்துக்கொண்டு வந்து நின்றது ஒரு பெருவிரல் நுனி. தட்டையாக, அகலமாக, நகம் ஒரு பக்கம் தேய்ந்து. எத்தனை ஆயிரம் லேபிளை அழுத்தி அழுத்தி ஒட்டின விரல். என் விரலும் அப்படித்தான் இருக்கிறது. விரல் உள்ளே போய்விட்டது. நான் நின்றேன். அவளும் அங்கே நிற்கிறாள். அவள் கோயிலில் இல்லை. எப்போது வந்தாள், எப்படிக் கேட்காமல் போனது, கேட்கிற வழியைப் பாதி நானே அடைத்துவிட்டேன், மீதிக் காது உப்புக்காரன் சைக்கிளோடு போய்விட்டது போல. ஐயோ, பிடித்துவிட்டாள், கையும் பட்டியுமாகப் பிடித்துவிட்டாள், இப்போது வாசலில் போய் நின்று காலனியையே கூப்பிடப் போகிறாள், எவ அடைக்கா பாருங்க, எவ ஒடைச்சா பாருங்க என்று. கூப்பிடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. சரி என்று நான் பட்டியைத் தள்ளினேன். அவள் திருப்பித் தள்ளினாள். நான் தள்ளினேன். அவள் தள்ளினாள். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் வாயில் அடைத்தேன், இந்த ஓட்டையையும் அடைக்க வேண்டுமே என்று. யார் முதலில் வாயைத் திறக்கிறாளோ அவள் தோற்றவள், இந்தச் சட்டத்தை யாரும் சொல்லவே இல்லை, ஆனாலும் ரெண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அப்போது அந்தப் பக்கம் மூக்கு வழியாக ஒரு சத்தம், அடிபம்பில் காற்று வாங்குகிற மாதிரி. அவள் சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் வரும், தேர் பார்க்கப் போன அன்றைக்கும் அப்படித்தான் வந்தது.

"ஏட்டி." வெடிப்பு வழியாகத்தான் வந்தது, ஆனாலும் என் பேரைச் சொல்லாமல் என்னைக் கூப்பிடுகிற குரல். நான் என்னவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா, ரெண்டு வருசமாக, பாத்திரம் விளக்கும்போதெல்லாம், அவள் முதலில் பேசினால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்ல வேண்டும் என்று, ஒவ்வொன்றும் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். "மாவுல தண்ணி கூடிப்போச்சு" என்றாள். என் வாயில் வந்தது இவ்வளவுதான், "மாவு இல்லட்டி, பட்டி." "எந்த எழவோ ஒண்ணு. ஒழுகுது. அஞ்சறைப்பெட்டிக்குள்ள வந்து விழுந்து கெடக்கு." "எதுமேல விழுந்துச்சு, மல்லியா கடுகா?" "கடுகு." "கடுகுன்னா கழுவிக் காயப்போட்டுக்கிடலாம்." "நீயா வந்து காயப்போடப் போற? நான் ஒட்டி வச்சிருந்த லேபிளயும் கிழிச்சிட்ட." நான் கையிலிருந்த குடைக்காம்பைத் திருப்பிப் பார்த்தேன். என் பாதி இன்னும் சுவரிலேயேதான் இருக்கிறது, காம்போடு சேர்ந்து. "நீ எப்பட்டி ஒட்டுன?" "சித்திரையில." "கிழிஞ்சுதா?" "நீ கிழிக்க வரைக்கும் கிழியல." குடைக்காம்பை முந்தானையில் முடிந்துகொண்டேன். "கோயிலுக்குப் போன மாதிரி கேட்டுச்சே?" "போனேன். பொங்க தீந்துபோச்சு, வெறும் வாளியோட வந்தேன். வந்து பாத்தா சுவரு வாந்தி எடுக்கு." நான் பட்டியில் பொடி கூட்டிப் பிசைந்தேன், கெட்டியாக, இடியாப்ப மாவுப் பதத்துக்கு. "வடிவு, அந்தப் பக்கம் எதயாவது வச்சுப் புடி, இல்லேன்னா இது நிக்காது." "இரு." போகிறாள், சிவனே, வருகிறாள். "சப்பாத்திப் பலகைய வச்சிருக்கேன், அமுக்கு." அமுக்கினேன். பட்டி நின்றது. ரெண்டு பக்கமும் ஆள் இல்லாமல் இது நிற்கவே நிற்காத வெடிப்பு, அத்தனை நேரம் நான் ஒருத்தியாக நின்று தீனி போட்டிருக்கிறேன். "அப்ப கிரைண்டருதாம்னு ஒத்துக்கிட்ட." "ஆணி." "அடைச்சவ யாரு?" "பலகை புடிச்சவ யாரு?"  "ஆணியும் இல்ல கிரைண்டரும் இல்ல, அந்தச் சீனிச்சாமிதாம்" என்றாள். "உன்கிட்ட கிரைண்டருன்னு சொன்னாரு, கேட்டேன்." "உன்கிட்ட ஆணின்னு சொன்னாரு, நானும் கேட்டேன்." "பலகைய அசைக்காத."

இன்னும் ஒரு விரல்கடை அகலம்தான் பாக்கி. காதை ஒட்டிவைத்தால் அது வழியாக அவள் கடிகாரம் கேட்கிறது, அவள் மூச்சும் கேட்கிறது, கொஞ்சம் இரைச்சலாக, ஆனாலும் குடம் இழுக்கிற சத்தம் இல்லை. கரண்டி நிறைய பட்டி எடுத்துவிட்டேன், வைக்கத்தான் கை வரவில்லை. "ஏ வடிவு, இத அடைச்சிட்டா இங்கேருந்து ஒண்ணும் கேக்காதுட்டி." "அடை." "நீ விழுந்தா கூப்ட்டா கூட." "நான் ஏம்ட்டி விழுதேன், சேர்ல ஏறுனவ நீயி, முனங்குன முனங்கல்ல எங்க வீட்டுப் பல்லி பயந்துபோய்க் கெடக்கு." "இல்லட்டி, ஒரு பேச்சுக்கு." "வாசல் எதுக்குட்டி வச்சிருக்கு, கூறுகெட்டவளே? அடை." அடைத்தேன். அழுத்தி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. காது சட்டென்று அடைத்துக்கொண்டது. கடிகாரம் இல்லை, மூச்சு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைச் சுவர், என் கை, கரண்டி. சோறு கொதிக்கிற சத்தம். நின்று கேட்கிறேன். ஒன்றும் இல்லை. இன்னும் நின்று கேட்கிறேன். அப்புறம் வந்தது, சுவர் வழியாக இல்லை, தெரு வழியாக, சாவி ரெண்டு சுற்று, ஒரு செருப்பு அடித்து ஒரு செருப்பு இழுபட்டு, அடித்து, இழுபட்டு, என் வாசல் பக்கமாக. கை பூராவும் பட்டி. பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.